நம்மாள் வீட்டில் காப்புப்படி

பவானேஸ்வரி தன் உள்ளங்கையால் முகப்பு மேசையை ஓங்கி அறைந்தாள். காத்திருந்த நோயாளிகள் யாவரும் தலை நிமிர்ந்தனர்.

"சொல்லுங்க அக்கா. கார்டு எடுக்கிறது நீங்க. கம்பியூட்டர்ல தட்டுறது நீங்க. உங்களத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

அவள் வினவியதில் நியாயம் இருந்தது. மலாக்காவின் பத்து பெரண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கு எதிரேயுள்ள கடைவரிசையில், மருத்துவர் பரமேஸ்வரன் நடத்திய மருத்துவகத்தில் நானே பதிவுப் பொறுப்பாளர். என் பெயர் பெரியநாயகி. மெர்லிமாவ் பக்கத்து இரப்பர்த் தோட்டமொன்றில் மரப்பால் வாளி சுமந்த கைகளால், முப்பது வயதைக் கடந்த பின்னரே தட்டச்சும் கணினியும் பயின்றேன். பயின்றவற்றுள் முதன்மையானதாக நான் கருதியது, நோயாளியின் அட்டையில் உள்ளது நோயாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது என்பதாகும். அத்தகைய என்னை நோக்கி, மருத்துவகம் நிறைந்திருந்த வேளையில், அப்பெண் குற்றம் சாட்டினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல பவானி. சத்தியமா சொல்லல."

"அப்புறம் எப்படி அந்தம்மாவுக்கு என் மாத்திர பேரு தெரியும்? என் அம்மாவுக்கே அந்தப் பேரு வாயில நுழையாது. அவங்க வந்து அப்படியே ஒப்பிக்கிறாங்க அக்கா!"

நிகழ்ந்தது இதுவே. பவானேஸ்வரிக்குத் தம்பின் நகரத்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்திருந்தனர். நிச்சயதார்த்தத்திற்கு நாளும் குறித்தாயிற்று. அந்நிலையில் மாப்பிள்ளையின் தாயார் அவள் பெற்றோரின் தோட்டத்து வீட்டிற்கு வந்து, வாசலில் நின்றவாறே, பெண்ணுக்கு இன்ன நோய் உண்டென்றும், இன்ன மாத்திரை உட்கொள்கிறாள் என்றும் உரக்கக் கூறி, நோயை மறைத்துப் பெண் கொடுக்கப் பார்த்த குடும்பம் என்று ஏசிச் சென்றார். அந்நோயின் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. அது மருந்தினால் முற்றும் அடங்கிய நோய் என்பது மட்டும் போதும்.

"நான் ஒண்ணும் மறைக்கல," என்றாள் பவானேஸ்வரி. அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "அடுத்த வாரம் அவரு மலாக்காவுக்கு வர்றதா இருந்தாரு. நேர்ல பாத்து நானே சொல்லணும்னு இருந்தேன். என்னென்ன வார்த்த சொல்றதுன்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். அதுக்குள்ள என்னைப் பொய்க்காரியாக்கிட்டாங்க."

அவளுடன் வந்திருந்த தோழி மோகனா அவள் தோளைப் பற்றினாள். இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே பிரிவில் பணிபுரிந்து, ஒரே வாடகை வீட்டில் வசித்தவர்கள்.

"வா பவானி, போலாம். படிச்சவங்கன்னு நெனச்சோம். இவங்களும் பாசார்ல கீரை விக்கிற மாதிரி நம்ம கதைய அளந்து குடுக்குறவங்கதான்."

இச்சொல் என்னைச் சுட்ட அளவிற்கு, என் வாழ்நாளில் வேறெச்சொல்லும் சுட்டதில்லை.

செய்தி எவ்வாறு வெளியே சென்றது என்பதை நான் ஆராயத் தொடங்கினேன். அட்டைகள் உள்ள அலுமாரியின் சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. கணினியோ, கடவுச்சொல் இன்றித் திறவாது. உடன் பணியாற்றிய தாதியர் இருவரும் மலாய்ப் பெண்கள். தம்பின் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களை அவர்கள் அறியார். எத்திசையில் நோக்கினும் வழி அடைபட்டே இருந்தது. காரணம், நான் நோக்காத திசை ஒன்று இருந்தது. அது எங்கள் காப்புப்படிகள் சென்ற திசை.

காப்புப்படி என்பது யாதெனில், கணினியில் உள்ள பதிவுகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து, மூலம் அழிந்தாலும் படி எஞ்சுமாறு பாதுகாப்பதாகும். எங்கள் வரிசையில் இருந்த தையற்கடை ஒருமுறை தீப்பற்றி எரிந்தது. அதன்பின் மருத்துவர், படிகள் இக்கட்டடத்திலேயே இருப்பது அறிவீனம் என்று முடிவு செய்தார். அம்முடிவு சரியானதே. அவற்றை எங்கே வைப்பது என்பதில்தான் அவர் பிழை செய்தார்.

"மச்சான் வீட்டுல வச்சிடலாம்," என்றார். "நம்மாளு. பயமில்ல."

மச்சான் என்று அவர் குறித்தது, தம் தமக்கை மீனம்மாவின் கணவர் சாமிநாதனை. புலாவ் செபாங் நகரில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவ்வூர்க் கோயில் செயலாளர். திருவிழாக்களில் ஒலிபெருக்கியை விட்டு அகலாதவர். மேலும், புலாவ் செபாங் முதல் மெர்லிமாவ் வரை எந்தத் தமிழ்க் குடும்பத்தில் பெண் பார்த்தாலும், பிள்ளை பார்த்தாலும், முதலில் அவரிடமே விசாரிப்பர். அதற்காக அவர் எதையும் பெற்றுக்கொண்டதில்லை. "சாமிநாதனக் கேட்டா தெரியும்" என்று பிறர் கூறுவதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வாரந்தோறும் சனிக்கிழமை பிற்பகலில் அவர் தம் பழைய டட்சன் காரில் வந்து, புதிய வட்டைப் பெற்றுக்கொண்டு, முந்தியவற்றுள் ஒன்றைத் திருப்பித் தருவார். ஸிப் டிஸ்க் எனப்படும் அவ்வட்டு உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும், எங்கள் நோயாளிகள் அனைவரும் அதற்குள் அடங்கினர். படிகள் பழுதின்றி உள்ளனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதற்காக, மருத்துவர் தம் பழைய கணினியையும் எங்கள் பதிவு மென்பொருளையும் அவர் வீட்டிலேயே அமைத்துக் கொடுத்திருந்தார். பூட்டும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. மருத்துவகத்தின் முன்கதவிற்கு இரும்புச் சட்டமிட்டவர், பின்கதவைப் புலாவ் செபாங்கில் திறந்து வைத்திருந்தார்.

இவ்வளவையும் அறிந்திருந்தும் நான் சாமிநாதனை ஐயுறவில்லை. எனக்கும் அவர் நம்மாளே.

புரட்டாசியில் சரசுவதி பூசை வந்தது. எங்கள் மருத்துவகத்தில் அன்று கருவிகள் யாவற்றுக்கும் பூசை உண்டு. இதயத்துடிப்புமானி, எடைபார்க்கும் பொறி, கணினி என ஒன்றும் விடுபடாது. வட்டுகளும் கருவிகளே என்பதால், புலாவ் செபாங்கில் இருந்தவற்றையும் சாமிநாதன் கொண்டுவந்துவிடுவார். நான் அவற்றை வாழையிலையில் பரப்பி, சந்தனம் உள்ளே புகுந்து பழுது செய்யாதவாறு, உறையின் மீது மட்டும் பொட்டு வைப்பது வழக்கம்.

அவ்வாறு பரப்பும்போது ஒரு வட்டு வேறுபட்டுத் தோன்றியது. எங்களுடையவை நீல நிறத்தன; நான் தட்டச்சிட்ட ஒட்டுத்தாள் உடையன. இதுவோ பச்சை நிறமாக இருந்தது. தாளின் தலைப்பில் பேனாவால் பிள்ளையார் சுழி இடப்பட்டிருந்தது.

"அண்ணே, இது நம்மதா?"

"அது என்னோட சொந்தம் தங்கச்சி. அதுக்கும் ஒரு பொட்டு வச்சிடு. வீட்டுல தனியா விட்டுட்டு வர மனசு வரல. அதுவும் ஒரு தொழில் சாமான்தான?"

எத்துணைப் பக்தி! திருடிய பொருளுக்கும் தேவியின் அருள் வேண்டும் என்று கருதிய அம்மனிதர், அதைத் தம் கையாலேயே திருட்டுக் கொடுத்தவர்களின் பூசைக்குக் கொண்டுவந்து வைத்தார். ஆனால் அன்று நான் அதை உணரவில்லை, பொட்டு வைத்தேன்.

பூசையில் வைத்த பொருளை அன்று தொடலாகாது என்பது மரபு. மறுநாள் விஜயதசமியில் அதனை எடுத்துப் படிக்க வேண்டும் என்பதும் மரபு. மறுநாள் காலை, வட்டுகள் பழுதுறவில்லை என்பதை உறுதிசெய்ய, இலையில் இருந்த வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கணினியில் இட்டுச் சோதித்தேன். பச்சை வட்டும் அவ்வரிசையில் இருந்தது. எடுத்தேன், படித்தேன்.

அதில் ஒரே ஓர் அட்டவணை. மணமாகாதோர் பெயர்கள், பெரும்பாலும் பெண்கள். பெயருக்கு நேரே வயது, தோட்டம் அல்லது ஊர், தொழிற்சாலை. கடைசி நிரலுக்கு அவர் ஒரு தலைப்பிட்டிருந்தார்: குறை.

நோய் என்று எழுதியிருந்தாலும் ஓரளவு பொறுத்திருப்பேன். நோய் என்பது வரும், போகும், மருந்துக்கு அடங்கும். குறை என்பது ஆளையே சுட்டுவது. எங்கள் மருத்துவர் பரிவோடு எழுதிய ஒவ்வொரு குறிப்பும் அந்நிரலில் ஒரு பெண்ணின் குறையாக மாறியிருந்தது. ஒருத்திக்கு நுரையீரல், மற்றொருத்திக்கு மாதவிலக்கு, இன்னொருத்திக்கு, யாரிடமும் கூறாதீர்கள் என்று அழுது மருத்துவரிடம் மட்டும் உரைத்த ஒன்று. பவானேஸ்வரியின் பெயருக்கு நேரே, அம்மாத்திரையின் பெயர் ஓரெழுத்தும் பிழையின்றி இருந்தது.

என் பெயரும் இருந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, மணமாகாதவள். எனக்கு நேரே என்ன எழுதியிருந்தது என்பதை நான் எழுதேன்.

மருத்துவரின் அறைக்குள் சென்று, திரையைப் பார்க்குமாறு கூறினேன். அவர் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மீண்டும் அணிந்துகொண்டு பார்த்தார். அன்று மாலை சாமிநாதன் வரவழைக்கப்பட்டார்.

"நான் என்ன இத வித்தா தின்னேன்?" என்றார் அவர். தலைகுனிவார் என்று எதிர்பார்த்த எனக்கு, அவர் நிமிர்ந்து அமர்ந்திருந்தது வியப்பளித்தது. "ஒரு வீட்டுல பொண்ணெடுக்கப் போறவன் என்னை நம்பி கேக்குறான். தெரிஞ்சிருந்தும் தெரியாதுன்னு சொன்னா அது பாவம் இல்லையா? நம்ம ஜனங்க நல்லதுக்குத்தான லா செஞ்சேன்."

"பவானேஸ்வரி நம்ம ஜனம் இல்லையா அண்ணே?"

"அந்தப் புள்ள மறைச்சிருக்கு."

"மறைக்கல. சொல்றதுக்கு நாள் பாத்துச்சு. நீங்க முந்திக்கிட்டீங்க. அதோட உடம்பு, அதோட வாயி. நடுவுல நீங்க யாரு?"

"பாத்தியா பரமேசு, இந்தம்மா பேசற பேச்ச? ஒரு நாள் ரெண்டு நாள் கம்பியூட்டர் படிச்சதுக்கே இப்படி."

மருத்துவர் பச்சை வட்டில் இருந்ததை என் கண்ணெதிரே அழித்தார். புலாவ் செபாங் கணினியில் எஞ்சியிருந்தவற்றையும் தாமே நேரில் சென்று நீக்கினார். சாமிநாதனோ, சரசுவதி படத்தின் முன் கற்பூரம் ஏற்றச் செய்து, அதன்மீது கை வைத்து, இனி எந்த வட்டையும் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார். அத்துடன் எல்லாம் முடிந்ததாக மருத்துவர் கருதினார். நீல வட்டுகளை மீண்டும் அவரிடமே ஒப்படைத்தார்!

"வேற எங்கயாச்சும் வைக்கலாம் டாக்டர்," என்றேன்.

"மச்சான வேணாம்னு சொன்னா, அக்கா என் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா. அதான் சத்தியம் பண்ணிட்டாரே. விடுங்க பெரியநாயகி."

"பவானேஸ்வரிகிட்ட ஒரு வார்த்த பேசுங்க."

"பேசி என்ன ஆகப் போவுது? போன சம்பந்தம் திரும்பி வருமா?"

காவல்துறையில் பணிபுரியும் என் உறவினர் ஒருவரிடம் இதனைக் கூறிப் பார்த்தேன். அவர் நல்லவர், பொறுமையாகவே வினவினார். "டிஸ்க் இருக்கா? இருக்கு. அதுல உள்ளது இருக்கா? இருக்கு. ஒண்ணுமே தொலையலயே அக்கா. போலீசு பாலாய்க்கு வந்து என்னன்னு ரிப்போட் குடுப்பீங்க?" மிதிவண்டி ஒன்று காணாமற் போனால் எழுதுவதற்குத் தாள் உண்டு. ஒரு பெண்ணின் வாழ்வு காணாமற் போனால் எழுதுவதற்கு நாட்டில் தாள் இல்லை என்பதை அன்று அறிந்தேன்.

ஒருவரும் செல்லாததால், நானே அப்பெண்களின் வாடகை வீட்டிற்குச் சென்று உண்மையைக் கூறினேன். பவானேஸ்வரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள்.

"கோயில்ல மைக்கப் புடிச்சிக்கிட்டு, பெண் பிள்ளைகளைப் பாதுகாப்போம்னு பேசுவாரே, அவரா?"

"அவரே."

"உங்கள எல்லார் முன்னாலயும் ஏசிட்டேன் அக்கா."

"அதனால என்ன. நான் உன் இடத்துல இருந்தா மேசைய உடைச்சிருப்பேன்."

மோகனா, அவர் எந்தக் கிழமையில் வட்டை எடுத்துச் செல்வார் என்று மட்டும் கேட்டாள். அக்கேள்வியின் பொருள் தீபாவளிக்கு இரண்டு நாட்களுக்கு முன் எனக்கு விளங்கியது. சில சோதனைகளின் முடிவை அறிய அவள் மருத்துவகத்திற்குத் தனியே வந்திருந்தாள். மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்தவள், முடிவு எழுதிய அட்டையை என்னிடம் கொடாமல், மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இத கம்பியூட்டர்ல ஏத்துவீங்களா?"

"ஏத்தணும்மா."

"சனிக்கிழம அது அந்த ஆளு வீட்டுக்குப் போவும்ல?"

அதே தொழிற்சாலையில் பொறி பழுதுபார்க்கும் கவிநேசன் என்பவனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினர். அவன் பெற்றோர் புலாவ் செபாங்கில் வசித்தனர். தீபாவளி கழிந்த ஞாயிறன்று அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கவிநேசனின் தாய், பெண்ணைப் பற்றி விசாரித்துச் சொல்லுமாறு சாமிநாதனிடம் ஏற்கனவே கேட்டுவிட்டதாகவும் தெரிந்தது.

"எனக்கு அந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் வேணும் அக்கா," என்றாள் மோகனா. "பவானி மாதிரி ஆயிடக் கூடாது. கவிகிட்ட என் வாயால சொல்லணும். அப்புறம் அவரு வேணாம்னு போனா போவட்டும். என்கிட்ட கேட்டுட்டுப் போவட்டும்."

அவள் செய்தியைக் கணினியில் ஏற்றாது விடுவது எனக்கு எளிது. ஆயினும், இரவுப் பணியின்போது அவள் மயங்கி விழுந்து, எங்கள் மருத்துவருக்குப் பதிலாக வேறொருவர் அன்று பணியில் இருப்பாரானால், அவர் எதைப் பார்த்து மருந்து கொடுப்பார்? மேலும், ஒழுங்காக நடப்பவர்கள் ஏன் ஒளிந்து வாழ வேண்டும்? ஒளிய வேண்டியவர் டட்சன் காரில் ஊர்வலம் வருகிறார். மருந்து தேடி வந்தவளோ தன் அட்டையை மார்பில் மறைத்து நிற்கிறாள். என் உள்ளம் கொதித்தது. அக்கொதிப்போடு மருத்துவரின் அறைக்குச் சென்றேன்.

"இந்த வாரத்து பேக்கப்ப பூட்டாம நான் குடுக்க மாட்டேன் டாக்டர்."

"பூட்டறதுன்னா?"

"நீங்கதான் ஒரு தடவ சொன்னீங்க. அப்படி ஒரு புரோகிராம் இருக்குன்னு."

அவருக்கு அது நன்கு தெரிந்திருந்தது. கணினி இதழ்களை வாங்கிப் படிப்பவர் அவர். இதழோடு வந்த குறுந்தட்டில் அம்மென்பொருள் இருந்தது. அவர் அலுமாரியில் ஓராண்டாக உறையும் பிரியாமல் கிடந்தது. அறியாமையால் அன்று; தயக்கத்தாலேயே அவர் அதைத் தொடாது இருந்தார்.

"மச்சானுக்குப் பூட்டுப் போட்டா, அவரு மூஞ்சில துப்புன மாதிரி லா அது."

"பவானேஸ்வரி மூஞ்சில துப்புனது யாரு டாக்டர்?"

 நான் வெளியேறவில்லை. இறுதியில் அவர் எழுந்து, அலுமாரியைத் திறந்து, குறுந்தட்டை எடுத்து, தாமே என் கணினியின் முன் அமர்ந்தார். அமர்ந்த பின்னர் அவருக்கே ஆர்வம் பிறந்தது. மறையாக்கம் எனப்படும் அம்முறையை எனக்கு விளக்கினார். பூட்டிய அறையில் புத்தகத்தை வைப்பது போன்றதன்று அது. புத்தகத்தின் எழுத்துகளையே கலைத்துவிடுவது. கடவுச்சொல்லை இட்டால் மட்டுமே எழுத்துகள் தத்தம் இடத்திற்குத் திரும்பும். வட்டு யார் கையில் இருப்பினும், சொல் இல்லாதவருக்கு அது வெறும் குப்பை.

"சாமி பேரு, குடும்பத்துல உள்ளவங்க பேரு, ஒண்ணும் வேணாம்," என்றார். "கண்டுபிடிச்சிருவாங்க."

யார் கண்டுபிடிப்பார் என்பதை அவரும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. கடவுச்சொல்லின் முற்பாதியை அவரும் பிற்பாதியை நானும் தட்டச்சிட்டோம். என் பாதி, தோட்டத்தில் நான் பாலெடுக்க மரம் வெட்டிய நிரையின் பெயரும் சில எண்களும் கலந்தது. இருவர் பாதிகளையும் தனித்தனி உறைகளில் இட்டு, வங்கிப் பெட்டகத்தில் வைக்க அவரே எடுத்துச் சென்றார்.

"மச்சான்கிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல," என்று மட்டும் கூறினார். "நீங்களும் சொல்லாதீங்க."

தீபாவளி கழிந்த சனிக்கிழமை சாமிநாதன் வந்தார். தீபாவளிப் பலகாரம் ஒரு டின் கொண்டுவந்திருந்தார். வட்டை வாங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, "நல்லா இருக்கியா தங்கச்சி? கோவம் எல்லாம் போயிடுச்சா?" என்று வினவினார். முறுக்கு நன்றாக இருக்கிறது என்று விடை கூறினேன்.

திங்கட்கிழமை காலையில் மருத்துவகம் நிறைந்திருந்தது. விடுமுறை கழிந்து விடுப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர்களே பாதிப்பேர். பவானேஸ்வரியும் மோகனாவும் இரவுப் பணி முடித்து, சீருடையைக் கூடக் களையாமல் வந்து அமர்ந்திருந்தனர். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு சாமிநாதன் வந்தார். அது சனிக்கிழமை அல்ல, அவர் வரும் நாளே அல்ல. அவர் கையில் நீல வட்டு இருந்தது.

"பெரியநாயகி, இந்த வாரத்து டிஸ்க் கெட்டுப் போச்சு," என்று, ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் போலவே உரைத்தார். "வேற ஒண்ணு போட்டுக் குடு."

"கெட்டுப் போச்சா அண்ணே? எப்படித் தெரியும்?"

"ஓட மாட்டேங்குதே. பாஸ்வேர்ட் பாஸ்வேர்ட்ன்னு கேக்குது. எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். முருகான்னு போட்டேன். வேலவான்னு போட்டேன். பரமேசுன்னு போட்டேன். உங்க டாக்டரோட அக்கா பேரக் கூடப் போட்டுட்டேன், ஒண்ணுக்கும் அசையல. நேத்து பூரா அதே வேல."

 தாம் கூறியது யாது என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

பவானேஸ்வரி எழுந்தாள்.

"பவானேஸ்வரின்னு போட்டுப் பாத்தீங்களா மாமா?"

அவர் திரும்பினார்.

"அதப் போட்டிருந்தா தெறந்திருக்குமே. என் பேர வச்சித்தான எல்லா வீட்டுக் கதவையும் தெறந்தீங்க. கற்பூரத்துல கை வச்சீங்களாமே. சுட்டுச்சா, இல்ல அது ஊதிட்டு வச்ச கற்பூரமா?"

"ஏய், பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

"பெரியவங்க டிஸ்க்கத் தெறந்து என்ன தேடுனீங்க? யாரோட குறைய தேடுனீங்க?"

நோயாளிகள் ஒருவரையொருவர் நோக்கினர். சில பெண்களுக்கு அப்போதே செய்தி புரிந்துவிட்டது என்பதை, அவர்கள் தங்கள் அட்டைகளைப் பற்றிய விரல்களில் கண்டேன். பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், "அப்ப எங்க எல்லாரோடதும் இந்தாளு வீட்டுலயா இருக்கு?" என்று உரக்கவே கேட்டார்.

மருத்துவர் தம் அறை வாயிலில் வந்து நின்றார். அவர் எவ்வளவு கேட்டார் என்பதை நான் அறியேன். போதுமான அளவு கேட்டிருந்தார். மைத்துனரின் கையிலிருந்த வட்டை வாங்கினார்.

"மிச்ச டிஸ்க்க நானே இன்னிக்கி வந்து எடுத்துக்கிறேன் மச்சான். கம்பியூட்டரையும். அக்காகிட்ட நானே சொல்றேன்."

"பரமேசு, என்னையா? எல்லார் முன்னாலயும்?"

"இவங்களோடதுதான மச்சான் அது. இவங்க முன்னாலதான் பேசணும்."

அதனை அவர் விஜயதசமியன்றே கூறியிருக்கலாம். கூறியிருப்பின் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். ஆயினும் கூறினார், அதனை மறுப்பதற்கில்லை.

சாமிநாதன் கதவு வரை சென்று நின்றார். அவரால் அப்படியே வெளியேற முடியவில்லை. அவர் பார்வை மோகனாவின் மீது விழுந்தது. கேட்காமல் இருக்க அம்மனிதர் எவ்வளவோ முயன்றார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஏம்மா, நேத்து கவிநேசன் வீட்டுக்காரங்க வந்தாங்கல்ல? நீ சொன்னியாமே ஏதோ. அதுக்கு அந்தப் பையன் என்னதான் சொன்னான்?"

"அலாமாக்!" என்று பவானேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா? இன்னும் கேக்குறாரு!"

மருத்துவகம் முழுதும் சிரித்தது. மலாய்த் தாதியர் இருவருக்கும் சொல் புரியாவிடினும் பொருள் புரிந்தது, அவர்களும் சிரித்தனர். மோகனா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து என் மேசைக்கு வந்து, தன் அட்டையைக் கொடுத்து, அடுத்த சோதனைக்கு நாள் குறிக்குமாறு கேட்டாள். கவிநேசனுக்கும் பணியில்லாத நாளாகப் பார்த்துக் குறிக்கச் சொன்னாள். குறித்தேன்.

அதன்பின் மாதக்கணக்கில் ஊரார் பேசியது எதைப் பற்றி? சாமிநாதன் செய்ததைப் பற்றி அன்று. "அக்கா தம்பிய பிரிச்சுட்டா அந்தப் பெரியநாயகி," என்றே பேசினர். படிப்பு ஏறினால் பெண்ணுக்குத் திமிரும் ஏறும் என்று, என் காதுபடவே, பேருந்து நிறுத்தத்தில் உரைத்தவரும் உண்டு. மீனம்மா தம்பி வீட்டிற்கு வருவதை நிறுத்தினார். மருத்துவர் என்னைக் காணும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். விடட்டும் என்று, வாரந்தோறும் அவர் தம் பாதியைத் தட்டியதும் நான் என் பாதியைத் தட்டி வட்டைப் பூட்டினேன். அவர் வங்கிக்கு எடுத்துச் சென்றார்.

தை மாதத்தில் மோகனாவுக்கும் கவிநேசனுக்கும் புலாவ் செபாங் கோயிலில் திருமணம் நடந்தது. நானும் சென்றிருந்தேன். கோயில் செயலாளர் என்னும் முறையில், எவரும் அழையாமலே, சாமிநாதன் சரிகை வேட்டியுடன் முதல் வரிசையில் அமர்ந்து, இன்னார் வீட்டுப் பெண், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அருகிலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்புவதற்கு அங்கு ஒருவருக்கும் துணிவில்லை. நம்மாள் அல்லவா!

வந்தவர்க்குப் பன்னீர் தெளிக்கும் பணியைப் பவானேஸ்வரி ஏற்றிருந்தாள். பட்டுச் சேலையின் முந்தானையை இடுப்பில் செருகி, பன்னீர்ச் செம்பைக் குலுக்கியவாறு முதல் வரிசையில் ஒவ்வொருவராகத் தெளித்துக்கொண்டு வந்தாள். சாமிநாதன் முகத்தைச் சற்று உயர்த்திக் கண்களை மூடிக்கொண்டார். அவள் செம்பை நேராகப் பிடித்து, அவரைக் கடந்து, அடுத்த நாற்காலியில் இருந்த சிறுமியின் மீது இரண்டு முறை தெளித்தாள். அச்சிறுமி கலகலவெனச் சிரித்தாள். அவரோ, ஒரு துளியேனும் விழும் என்று, இன்னும் கண்களை மூடியவாறே அமர்ந்திருந்தார்.